தண்ணீர் படாத வாளி

அந்த ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடத்துக்கு ஒரு மேற்பார்வையாளர். நேரில் அவர் சார், முதுகுக்குப் பின்னால் கஞ்சி. காலையில் போட்டுவரும் வெள்ளைச் சட்டை மாலைவரை மொடமொடவென்றே நிற்கும், முகமும் அப்படியே. அவர் சிரித்துப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் ஓய்வுபெற்றுப் போயிருக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிற யாருக்கும் அவர் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒரே விதிதான். ரத்தக் கறை என்றால் உடனே பச்சைத் தண்ணீர். யோசிக்காதே, யாரையும் கேட்காதே, கறை காய்வதற்குள் துணி தண்ணீரில் இருக்க வேண்டும். காய்ந்துவிட்டால் ஆண்டவனே வந்தாலும் அது போகாது. இதைத் தினமும் சொல்லிச் சொல்லி, அங்கே வேலை செய்த பெண்களுக்குச் சிவப்பைக் கண்டாலே கை தானாகக் குழாயைத் திருகும்படி ஆகிவிட்டது.

அந்தப் பெண்களில் இளையவளை எல்லாரும் வாயாடி என்று கூப்பிட்டார்கள். காரணம் விளக்க வேண்டியதில்லை. பெரிய உருளை இயந்திரத்தில் படுக்கை விரிப்புகளை நுழைத்து மறுபக்கம் சூடாக வாங்குவது அவள் வேலை. அந்த இரைச்சலையும் மீறி அவள் பேச்சு கேட்கும். கல்யாணமாகி ஏழு வருஷம், இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவதாக இது. ஐந்தாம் மாதம் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, நஞ்சு கீழே இறங்கி இருக்கிறது என்றார். குழந்தைக்குச் சோறு போடுகிற நஞ்சு மேலே ஒட்டியிருக்க வேண்டியது, குழந்தை வெளியே வரும் வழிக்குப் பக்கத்தில் வந்து கிடக்கிறதாம். வயிறு வளர வளரப் பெரும்பாலும் தானாக மேலே போய்விடும், பயப்படாதே, ஆனால் கனம் தூக்காதே, ரத்தம் பட்டால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் இருக்காதே என்று சொல்லி அனுப்பினார்.

அவள் புருஷன் லேத் பட்டறைக்காரன், எதையும் கையால் தொட்டுப் பார்த்தால்தான் அவனுக்குப் புரியும். வாசலில் யாரோ செருப்பைக் குறுக்கே கழற்றிப் போட்ட மாதிரி நஞ்சு வழியில் கிடக்கிறது, அவ்வளவுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அன்றிலிருந்து பட்டறைக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் வயிற்றைப் பார்த்து, ஏறிடுச்சா என்று கேட்பான். சலவைக்கூடத்திலும் அதே கேள்விதான். ஏதோ பஸ் ஏறிவிட்டதா என்று விசாரிப்பதுபோல ஆளாளுக்குக் கேட்டார்கள். ஏறினா சொல்லி அனுப்புறேன், போய் வேலையப் பாருங்க என்பாள் வாயாடி.

அது ஏறவில்லை. எட்டாம் மாதம் பிறந்து சில நாளில், விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தவள், காலையில் புருஷன் வேலைக்குக் கிளம்பிப்போன பிறகு மறுபடி கொஞ்சம் படுத்தாள். எழுந்தபோது விரிப்பெல்லாம் சிவப்பு. வலி இல்லை, சுரீர் என்று ஒன்றும் இல்லை. அவள் கத்தவில்லை, புருஷனுக்குப் போன் போடவில்லை. என்ன செய்தாள் தெரியுமா? விரிப்பை உருவினாள், கட்டியிருந்த துணியையும் அவிழ்த்தாள், இரண்டையும் வாளியில் போட்டுப் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கசக்கி அலசி, தண்ணீர் தெளிந்து விரிப்பு வெள்ளை வெளேரென்று ஆன பிறகு கொடியில் உலர்த்தினாள். அப்புறம்தான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அவள் வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட வந்த பக்கத்து வீட்டுக்காரி வண்டிக்குள் உட்கார்ந்து தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டாள். சரக்கு ரயில் ஒன்று, உலகத்தில் அவசரமே கிடையாது என்கிற மாதிரி, ஆடி அசைந்து போய்ச் சேர்ந்தது. வாயாடி வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இதுவும் போய்விட்டது என்றே அவள் முடிவு கட்டிவிட்டாள்.

போகவில்லை. குழந்தையின் இதயம் நன்றாகவே துடித்தது. டாக்டரம்மா அடுத்த கேள்வியைக் கேட்டார். எவ்வளவு போச்சு? ஒரு கரண்டி அளவா, ஒரு டம்ளர் அளவா? துணியைக் கொண்டுவந்தியா, காட்டு.

"துவைச்சிட்டேன் டாக்டர்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். ரத்தம் போய்க்கிட்டிருக்கு, நீ துணி துவைச்சியா என்று கேட்கவில்லை, ஆனால் முகம் கேட்டது. வாயாடி அழுதுகொண்டே சொன்னாள், எங்க சலவைக்கூடத்துல அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்காங்க, கறை காயறதுக்குள்ள தண்ணில போடணும்னு, கை தானா போயிடுச்சு. டாக்டரம்மா பெருமூச்சு விட்டு, கோபப்படாமல் விளக்கினார். அதிகமாகப் போயிருந்தால் இப்போதே வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தாக வேண்டும். கொஞ்சமாகப் போயிருந்தால் காத்திருக்கலாம், ஒவ்வொரு நாள் உள்ளே இருப்பதும் குழந்தையின் நுரையீரலுக்கு லாபம். எதைச் செய்வது என்று தீர்மானிக்கத்தான் அந்தத் துணி வேண்டியிருந்தது, அதுதான் இப்போது கொடியில் தொங்குகிறது.

கண்ணைக் கட்டிக்கொண்டு முடிவெடுக்க அவர் தயாராக இல்லை. அறுவை அரங்கைத் தயாராக வைத்து, குழந்தையின் நுரையீரல் வலுப்பட அவளுக்கு ஊசி போட்டு, ரத்தம் ஏற்பாடு செய்யச் சொன்னார். பட்டறையிலிருந்து புருஷனோடு ஒரு கூட்டமே வந்தது. ஆளுக்கு ஒரு கை நீட்டினார்கள். இரும்பையே கடைந்து எடுக்கிற ஒருவன் ஊசியைக் கண்டதும் மயங்கி விழுந்தான், அவனுக்கு வைத்தியம் பார்க்க ரெண்டு நர்ஸ். வாயாடிக்கு ரத்தம் தானாக நின்றது. சில நாள் வார்டில் வைத்துப் பார்த்துவிட்டு, இனி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே எங்காவது இரு, பகலிலும் ராத்திரியிலும் தனியாக இருக்கக் கூடாது, இனிமேல் ஒரு சொட்டு பட்டாலும் துணியை நனைக்காமல் கொண்டுவா என்று டாக்டரம்மா சொன்னார்.

பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? அழுக்குத் துணியைப் பிரித்துப் போடுகிற பெரியக்கா இருந்தாள், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பில். அவளும் வாயாடியும் சலவைக்கூடத்தில் தினம் சண்டை போடுகிறவர்கள். ஆனாலும் செய்தி கேட்டதும் பெரியக்காவே வந்து வாயாடியின் பையைத் தூக்கிக்கொண்டாள். என் வீட்டுல கட்டில் இருக்கு, நான் குறட்டை விடுவேன், பொறுத்துக்கிட்டா வா, இல்லன்னா உன் பாடு என்றாள். அப்படிப்பட்ட அழைப்பை யார் மறுப்பது? அவள் விட்ட குறட்டைக்குச் சுவர் அதிர்ந்தது உண்மை. ஆனால் வாயாடி லேசாகப் புரண்டால் போதும், குறட்டை டக்கென்று நின்று, என்னடி, பட்டிருக்கா என்று குரல் வரும். இந்தப் பெண்பிள்ளை தூங்கிக்கொண்டே காவல் காக்கிறாளே என்று நினைத்து, வாயாடி சத்தம் காட்டாமல் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

ராத்திரிக்கு வழி பிறந்தது. பகலில் பெரியக்கா வேலைக்குப் போனால் வாயாடி தனியாகத்தானே இருக்க வேண்டும்? சலவைக்கூடத்திலேயே ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கட்டும், சுமை லிஃப்ட் பக்கத்திலேயே இருக்கிறது, ஏறினால் நேரே அறுவை அரங்கு மாடி என்று பெரியக்கா போய்க் கஞ்சியிடம் கேட்டாள். விடுப்பில் இருக்கிறவர் வேலையிடத்தில் உட்கார விதியில் இடமில்லை என்றார் அவர், வேறு என்ன சொல்வார்? பெரியக்காவுக்கு வந்ததே கோபம். மரியாதையை ஓரம் கட்டிவிட்டு, உங்க விதியாலதான் சார் அந்தப் பொண்ணு சாகப் பார்த்தா என்று ஆரம்பித்து, விரிப்பைத் துவைத்த கதையை முழுக்கச் சொல்லிவிட்டாள். கேட்டதும் கஞ்சி ஒரு கறைபட்ட துணியை எடுத்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றார் என்றும், தண்ணீரில் போடவே மறந்துவிட்டார் என்றும் பெரியக்கா வந்து சொன்னாள்.

மறுநாள் காலையில் சுமை லிஃப்டுக்கு அருகே கைவைத்த நாற்காலி ஒன்று கிடந்தது. கஞ்சியுடைய நாற்காலி. அங்கே யாரும் உட்கார்ந்திருப்பதாகத் தனக்குத் தெரியாது என்று பொதுவாக எல்லாரையும் பார்த்துச் சொல்லிவிட்டு, அன்றிலிருந்து அவர் நின்றுகொண்டே வேலை பார்த்தார். லிஃப்டை மேல்மாடியில் விட்டுவிட்டு வருகிற தள்ளுவண்டிக்காரர்களைக் கண்டபடி திட்டினார். சரக்கு இறக்கினதும் லிஃப்ட் கீழேதான் நிக்கணும், என்ன அவசரம் வரும்னு யாருக்குத் தெரியும் என்று அவர் கத்தியதைக் கேட்டு, மனிதருக்குப் பித்தம் ஏறிவிட்டது என்று அவர்கள் முணுமுணுத்தார்கள். எதற்கு என்று புரிந்த பிறகு லிஃப்ட் ஒரு நாளும் மேலே நிற்கவில்லை.

வாயாடி அந்த நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தைகள் வார்டுத் துணிகளுக்கு ஓரம் அடித்தாள். வேலை செய்யக் கூடாது, ஆனால் கை சும்மா இருக்காதே. அவள் செய்த உருளை வேலையை மற்றப் பெண்கள் பங்குபோட்டுச் செய்தார்கள். மதியம் அவரவர் டப்பாவிலிருந்து ஒரு வாய் அவளுக்கு. மாலையில் புருஷன் பட்டறை எண்ணெய் வாசனையோடு வந்து, படியில் உட்கார்ந்து, கேட்க வாய் வராமல் அவள் முகத்தையே பார்ப்பான். இன்னும் ஏறலை, போய்ச் சாப்பிடுங்க என்று அவளே சொல்வாள். இத்தனை பேருக்கு நான் எந்த ஜென்மத்தில் என்ன செய்தேன் என்று அவளுக்குத் தோன்றும். அதை வாய்விட்டுச் சொன்னால் பெரியக்கா கிண்டல் செய்வாள் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டாள்.

நாற்காலிக்குப் பக்கத்தில் பெரியக்கா ஒரு வாளி வைத்தாள். இது காய்ஞ்ச வாளி, இவ துணி இதுலதான் விழணும், இதுல எவளாவது ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தினா கையை உடைப்பேன் என்று அறிவித்தாள். சொல்வது சுலபம். வருஷக்கணக்கில் பழகிய கை சும்மா இருக்குமா? காலி வாளியைக் கண்டதும் முதல் நாளே ஒருத்தி குழாயடிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள், இன்னொருத்தி ஓடிப்போய்ப் பிடுங்கி வந்தாள். சலவைக்கூடத்தில் காய்ந்த வாளி எதற்கு என்று கஞ்சி கேட்டார். சொன்னார்கள். மறுநாள் அதன்மேல் ஒரு மூடி இருந்தது. மூடியை யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வாளிக்கு ஒரு நாள் வேலை வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாயாடிக்கு மறுபடி ரத்தம் பட்டது. பெரியக்கா துணியை மாற்றி, நனைக்காமல் வாளியில் போட்டு மூடி, வாயாடியோடு லிஃப்டில் ஏறினாள். டாக்டரம்மா மூடியைத் திறந்து பார்த்தார், வயிற்றில் குழந்தையின் துடிப்பைக் கேட்டார், அன்று முழுக்க வார்டில் படுக்கவைத்துக் கவனித்தார். அப்புறம் அவர் முகம் தெளிந்தது. கொஞ்சம்தான், காத்திருக்கலாம், இதைத்தான் நான் அன்னிக்குக் கேட்டேன் என்றார். அந்த வாளியால் குழந்தைக்கு இன்னும் சில வாரங்கள் கிடைத்தன. கீழே இறங்கி வந்தபோது உருளை இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பெண்கள் எல்லாரும் லிஃப்ட் வாசலில் நின்றார்கள். கஞ்சி மட்டும் தூரத்தில் ஏதோ துணியை எண்ணுவதுபோல நின்றுகொண்டு, இயந்திரத்தை யார் நிறுத்தினது என்று கேட்டார். குரலில் வழக்கமான காரம் இல்லை.

கடைசியாக எடுத்த ஸ்கேனிலும் நஞ்சு நகரவில்லை. வழியை அடைத்துக்கொண்டு அதே இடத்தில் இருந்தது. இனி சுகப்பிரசவம் கிடையாது, அடுத்த வாரம் ஆபரேஷன், நாள் குறித்தாயிற்று என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அன்று மாலை புருஷன் படியில் உட்கார்ந்து, ஏறாட்டி என்னம்மா, சுவத்தை இடிச்சுக்கிட்டு வரட்டும் என் புள்ள என்றான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஆனால் குறித்த நாள்வரை அது பொறுக்கவில்லை. நடுப்பகலில், ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவளுக்குத் தொடையெல்லாம் சூடாக இறங்கியது. அவள் பெரியக்கா என்று கூப்பிட்டாள், அவ்வளவு மெதுவாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை. பெரியக்கா திரும்புவதற்குள் நாற்காலிக்குக் கீழே தரை சிவந்துவிட்டது. முதலில் ஓடி வந்தவர் கஞ்சி. அவளை அப்படியே இரண்டு கையிலும் வாரித் தூக்கி, அப்போதுதான் உருளையிலிருந்து வந்த சூடான விரிப்புகள் நிறைந்த தள்ளுவண்டியில் கிடத்தி, வண்டியை லிஃப்டுக்குள் தள்ளினார். லிஃப்ட் கீழேதான் நின்றிருந்தது. வாயாடிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. முதுகுக்குக் கீழே அந்தச் சூடு மட்டும் இதமாக இருந்தது, தினம் தன் கையால் வாங்கிய சூடு.

பாதி வழியில்தான் பெரியக்காவுக்கு நினைவு வந்தது. ஐயையோ, வாளி, துணி எதையும் எடுக்கலையே சார் என்றாள். கஞ்சி கதவைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"என் சட்டை இருக்கும்மா."

வாயாடி கடைசியாகக் கேட்டது அதுதான். மற்றதெல்லாம் பிறகு பெரியக்கா சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். மேலே டாக்டரம்மா எவ்வளவு என்று கேட்டதும் கஞ்சி முன்னால் போய் நிமிர்ந்து நின்றாராம். காலர் முதல் இடுப்புவரை நனைந்திருந்த வெள்ளைச் சட்டையைக் காட்டி, இவ்வளவு, தரையிலயும் வண்டியிலயும் இன்னும் இருக்கு என்றாராம். டாக்டரம்மா ஒரு பார்வை பார்த்தார், அப்புறம் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. பட்டறைக்காரர்கள் கொடுத்த ரத்தம் உள்ளே போயிற்று. புருஷன் வந்து சேர்ந்தபோது, அறுவை அரங்கின் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கஞ்சியைப் பார்த்து, இவருக்குத்தான் ஏதோ வெட்டு விழுந்திருக்கிறது என்று பயந்துவிட்டான். பெரியக்கா பதறி, சட்டையைக் கழற்றுங்க சார், நனைச்சுத் தரேன், காய்ஞ்சா போகாது என்று சொன்னாளாம். டாக்டர் மறுபடி பார்க்கணும்னு சொன்னா என்ன காட்டுவே என்று அவர் எரிந்து விழுந்தாராம். அதற்குமேல் அவரிடம் பேச யாருக்குத் தைரியம்?

பெண் குழந்தை. கொஞ்சம் சிறியது, ஆனால் பிறந்ததும் ஊரைக் கூட்டுகிற அழுகை. நுரையீரலுக்கு ஒரு குறையும் இல்லை, தாயின் வாய் அப்படியே இருக்கிறது என்று பெரியக்கா தீர்ப்புச் சொன்னாள். வாயாடி கண் விழித்தபோது புருஷன் குழந்தையை வைத்துக்கொண்டு, உருளை பழகாத ஆள் விரிப்பைப் பிடிப்பதுபோலத் தடுமாறிக்கொண்டிருந்தான். இரண்டு தடவை வெறும் கையோடு வீட்டுக்குத் திரும்பியவள் அவள். குழந்தையை மார்பில் வாங்கியதும், டாக்டரம்மா, நர்ஸ், பட்டறைக்காரர்கள், மயங்கி விழுந்தவன் உட்பட, கேட்டைத் திறந்த ரயில்வே ஆள்வரைக்கும் எல்லாரும் நல்லா இருக்கணும் என்று வாய்விட்டே சொன்னாள். சொல்லி முடிக்க நேரமாயிற்று.

மறுநாள் காலையில் வார்டு வாசலில் கஞ்சி வந்து நின்றார். வேறொரு மொடமொட சட்டை. கையில் மூடி போட்ட வாளி, அதே காய்ந்த வாளி. உள்ளே வரத் தயங்கி, குழந்தையை எட்டிப் பார்த்தும் பார்க்காததுமாகப் பார்த்தார். சௌகரியமா என்றார். வாயாடி தலையாட்டினாள். வாளியின் மூடியை எடுத்தார். உள்ளே அந்தச் சட்டை இருந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், பழுப்பேறி, விறைத்து.

"நேத்து டாக்டர் திரும்பக் கேக்கலை. எங்க வீட்டுல நனைக்க வந்தாங்க, நான் விடலை. உங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு… இனிமே தண்ணில போடலாமாம்மா?"

வருஷக்கணக்கில் கறை காய்வதற்குள் என்று கத்திக்கொண்டிருந்த மனிதர், அரைப் பகலும் ஒரு இரவும் கறையைக் காயவைத்துக் காவல் காத்திருக்கிறார். வாயாடி குழந்தையை அவர் பக்கமாகத் திருப்பினாள். போடலாம் சார் என்றாள். ஓரமாக நின்ற பெரியக்கா வாளிக்குள் எட்டிப் பார்த்து, நல்லாக் காய்ஞ்சிடுச்சு சார், இனி என்ன செஞ்சாலும் போகாது என்றாள். அவர் மூடியைப் போட்டார். குழந்தையை இன்னொரு தடவை பார்த்தார், இந்தத் தடவை நன்றாகவே பார்த்தார்.

"போகாட்டி இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.